நாலடிப் பலகையில் ஒரு நிலக்கரி யார்டு: எட்டு வேகன்களின் துருவும் ஒரு சின்ன லேஅவுட்டின் திட்டமும்

மாதிரி ரயில் நிறுவனமான பேக்மன் தயாரித்த 16 டன் நிலக்கரி வேகன்களின் சிறு மாதிரிகள் எட்டு. யார்டுக்குள் வேகன்களை இடம் மாற்றும் பச்சை நிற டீசல் ஷன்டிங் எஞ்சின் ஒன்று. 120 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பலகை. இந்த ஆய்வில் கையிருப்பு இவ்வளவுதான். பெட்டியிலிருந்து எடுத்தபோது எட்டு வேகன்களும் ஒரே சாம்பல் நிறத்தில், எண் மட்டும் மாறி, பிளாஸ்டிக் பளபளப்போடு இருந்தன. அவற்றைப் பல வருடம் நிலக்கரி சுமந்த வண்டிகளாக மாற்ற வேண்டும். அவை ஓடி நிற்க ஒரு யார்டும் வேண்டும்.

பெரும்பாலானவர்கள் மாதிரி ரயில் ஓடும் லேஅவுட்டை முதலில் கட்டி முடிப்பார்கள். வேகன்களுக்கு அழுக்கேற்றும் வெதரிங் வேலை பிறகு தனியாக நடக்கும். நான் இரண்டையும் ஒரே கேள்வியிலிருந்து தொடங்கினேன்: இந்த வேகன் எந்த ஊரில், எந்த வருடத்தில் நிற்கிறது, அதிலுள்ள கரியை யார் இறக்குகிறார்கள்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் துரு எங்கே வரும் என்பதும் தெரிந்துவிடும், எந்தத் தண்டவாளம் மின்னும், எது மங்கிக் கிடக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

ஊரும் வருடமும்

1948 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் ரயில்வே தேசியமயமானபோது, அந்த நாட்டு நிலக்கரி பெரும்பாலும் மரப்பலகை வேகன்களில்தான் போய்க்கொண்டிருந்தது. சுரங்கக்காரர்களும் வியாபாரிகளும் தங்கள் பெயரை எழுதி ஓட்டிய வேகன்களே அவற்றில் ஏராளம். அவற்றுக்குப் பதிலாக வந்ததுதான் முழுக்க எஃகால் ஆன 16 டன் வேகன். இதன் வடிவம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்தது. பின்னர் பிரிட்டிஷ் ரயில்வே ‘டயகிராம் 1/108’ என்ற ஒரே வடிவத்தில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வேகன்களைக் கட்டியது. உடல் பதினாறரை அடி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே ஒன்பது அடி. பக்கத்துக்கு ஒரு கதவு. ஒரு முனையில், வண்டியையே சாய்த்துக் கொட்டுவதற்கு இன்னொரு கதவு. அந்த முனை எது என்று தூரத்திலிருந்தே தெரிய, பக்கவாட்டில் வெள்ளைச் சாய்கோடு. பெரும்பாலானவற்றில் எஞ்சினிலிருந்தே இயக்கும் வேக்குவம் பிரேக் கிடையாது, கைநெம்பு பிரேக்தான். அப்படிப்பட்டவை சாம்பல் நிறம். வேக்குவம் பிரேக் உள்ளவை செம்பழுப்பு.

வருடம் 1965 என்று வைத்துக்கொண்டேன். 1952 டிசம்பர் லண்டன் புகைமூட்டத்துக்குப் பிறகு 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டு அடுப்புக் கரியின் காலம் இறங்கத் தொடங்கியது. ரயில்வேயின் செலவைக் குறைக்க 1963 மார்ச்சில் வெளியான பீச்சிங் அறிக்கை, சின்னச் சின்ன நிலக்கரி யார்டுகளை மூடி, சில பெரிய டிப்போக்களில் வேலையைக் குவிக்கச் சொன்னது. ஆக 1965-இல் ஒரு சிற்றூர் யார்டு இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு மூலையில் பரபரப்பு, இன்னொரு மூலையில் புல். மாதிரி ரயில் செய்பவருக்கு இதைவிட நல்ல சூழல் கிடைப்பது அபூர்வம்.

இடம், மேற்கு யார்க்‌ஷயரின் ஒரு கற்பனை ஆலை ஊர். அந்தப் பகுதியின் மணற்கல் கட்டடங்கள் நூறு வருடப் புகைக்கரி படிந்து கறுத்து நின்ற காலம் அது. பின்னணியில் வரப்போகும் தடுப்புச் சுவரின் நிறத்தையும் இந்த ஒரு முடிவே தீர்மானித்துவிட்டது. கல்லின் இயல்பான தேன்நிறம் மேல்விளிம்பில், மழை அடித்துக் கழுவும் இடங்களில் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மற்றதெல்லாம் கரி.

இடத்துக்குள் அடங்கும் கணக்கு

சின்ன இடத்துக்கு ஒரு பழைய, நம்பகமான திட்டம் இருக்கிறது. ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் ஆர்வலர் உருவாக்கிய ‘இங்கல்நூக்’. வேகன்கள் நிற்கும் மூன்று சைடிங்குகள், தடம் பிரியும் இரண்டு பாயின்ட்கள், ஒரு ஹெட்ஷன்ட். நீளமான சைடிங்கில் ஐந்து வேகன்கள் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் ஹெட்ஷன்டில் எஞ்சினோடு மூன்று வேகன்களுக்குத்தான் இடம். மொத்தம் எட்டு வேகன்கள். அதில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, வந்த வரிசையிலேயே நீளமான சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு எடுக்க 6,720 வழிகள் உண்டு. ஹெட்ஷன்ட் குட்டையாக இருப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அதை நாலு வேகனுக்கு நீட்டினால் புதிர் சப்பென்று ஆகிவிடும்.

என் மாதிரிகள் ‘ஓஓ’ அளவு. அசலின் ஓர் அடிக்கு 4 மி.மீ., அதாவது 1:76.2. வேகன், இரு முனைகளிலும் மோதலைத் தாங்கும் பஃபர்களின் நுனியிலிருந்து நுனி வரை சுமார் 78 மி.மீ. வரும், இடைவெளியும் சேர்த்து 80 என்று வைத்தேன். எஞ்சின், பிற்காலத்தில் 08 என்று எண்ணிடப்பட்ட 350 குதிரைத்திறன் ஷன்டர். 1965-இல் அதற்கு ‘டி’ என்று தொடங்கும் எண்தான் இருந்தது. அசலின் நீளம் 8.92 மீட்டர், மாதிரியில் 117 மி.மீ.

இனிக் கூட்டிப் பார்க்கலாம். ஹெட்ஷன்ட், எஞ்சினும் மூன்று வேகனும் சேர்ந்து 357. கொஞ்சம் தாராளமாக 370. பெக்கோ நிறுவனத்தின் ‘ஸ்ட்ரீம்லைன்’ வகைக் குறு ஆர பாயின்ட் ஒன்று 185 மி.மீ., இரண்டுக்கு 370. இரண்டாவது பாயின்டைத் தாண்டி, பக்கத்துத் தடத்து வேகன் உரசாத தூரம் வரும்வரை 70. மூன்று வேகனுக்கு 240. தடம் முடியும் இடத்து முட்டுக்கட்டைக்கு 40. மொத்தம் 1,090 மி.மீ. நீளமான சைடிங் வழியாகக் கூட்டினால் ஒரு பாயின்ட் குறையும், இரண்டு வேகன் கூடும், 1,065 வரும். 120 செ.மீ. பலகையில் 11 செ.மீ. மிஞ்சுகிறது. அந்த மிச்சம் ஹெட்ஷன்ட் முனையில் வரும் சாலைப் பாலத்துக்கு. தண்டவாளம் பாலத்துக்கு அடியில் போய் மறைந்தால், அப்பால் ஒரு பெரிய ரயில்வே இருக்கிறது என்று கண் நம்பிவிடும்.

இந்த 70 மி.மீ. விஷயத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பாயின்ட் முடிந்த இடத்திலேயே வேகனை நிறுத்தலாம் என்று நினைத்து வரைந்தால், பக்கத்துத் தடத்தில் வரும் வண்டி அதன் மூலையில் இடிக்கும். காகிதத்தில் சரி பார்ப்பதைவிட, பெக்கோவின் முழு அளவு பாயின்ட் அச்சுப்படிகளைத் தரையில் ஒட்டி, வேகன்களைக் கையால் தள்ளிப் பார்ப்பது நல்லது. ஆணி அடிப்பதற்கு முன்பே மாற்ற வேண்டியதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சோதனையில் தெரிந்தது ஒன்று: தடங்களைப் பலகையின் விளிம்புக்கு இணையாகப் போட்டால் எல்லாம் அலமாரித் தட்டு மாதிரி இருக்கிறது. ஒரு முனையை சில சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி மொத்தத்தையும் சாய்த்தவுடன், முன்னால் முக்கோணமாக ஒரு மண்தரை கிடைத்தது. லாரி வந்து நிற்க, தராசு வைக்க, சாக்குகள் அடுக்க அந்த முக்கோணம்தான் இடம்.

புதிருக்கு இந்த யார்டிலேயே காரணம் இருக்கிறது. சிற்றூர் யார்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வியாபாரிகள் இருப்பார்கள். ஒருவருக்கு வீட்டுக் கரி, இன்னொருவருக்கு, நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக். வேகனின் பக்கவாட்டில் உள்ள கிளிப்பில் செருகிய அட்டைதான் எது யாருக்கு என்று சொல்லும். கதவைக் கீழே இறக்கி, மண்வாரியால் அள்ளி, சாக்கில் கட்டி, எடை போட்டு லாரியில் ஏற்றுவார்கள். தாமதமானால் வேகனை நிறுத்தி வைத்ததற்குக் கட்டணம். ஆகவே சரியான வேகன் சரியான ஆளின் எதிரே நிற்க வேண்டும். குலுக்கல் சீட்டுக்குப் பதில் எட்டுச் சின்ன அட்டைகள், வியாபாரி பெயரோடு. ஆட்டம் அதேதான், ஆனால் இப்போது அது வேலை.

துரு எங்கிருந்து வருகிறது

இனி இந்த ஆய்வின் மையம். ஒரு நிலக்கரி வேகன் உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கிறது. சுரங்கத்தில் மேலிருந்து கரி விழும்போதே உட்பக்கப் பெயின்ட் சிராய்ந்து போகும். ஈரக் கரியில் உள்ள கந்தகம் எஃகைத் தின்னும். உள்ளே கரிக்கட்டி மோதிய இடம் வெளியே புடைக்கும். புடைப்பில் பெயின்ட் விரியும். விரிசலில் மழைநீர் இறங்கும். அப்புறம் பக்கத் தகட்டின் அடிவிளிம்பு, நிமிர்ந்து நிற்கும் தாங்குசட்டங்களின் ஓரம், கதவுக் கீல்: இங்கெல்லாம் தண்ணீரும் கரித்தூளும் தங்கும். எண்ணூர், மேட்டூர் பக்கம் போகும் நிலக்கரி ரேக்குகளை நின்று பார்த்தவர்களுக்கு இதே பாடம் வேறு உருவத்தில் தெரிந்திருக்கும்.

ஆக, துருவை ‘அழகாக’ப் பரப்புவது என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் தண்ணீரோ அடியோ காரணமாக இருக்க வேண்டும். காரணம் சொல்ல முடியாத புள்ளியை அழித்துவிடுவேன்.

நிறத்தில் நடக்கும் பொதுவான பிசகு, ஆரஞ்சு. பழைய துரு கிட்டத்தட்டச் சாக்லேட் நிறம், சில வெளிச்சத்தில் ஊதாவே கலந்திருக்கும். பரவிக்கொண்டிருக்கும் துருவின் நடுப்பகுதிதான் மூத்தது, அது இருண்டிருக்கும். விளிம்புதான் இளையது, அங்கேதான் செம்மஞ்சள். அதனால் இருண்ட நிறம் முதலில், ஆரஞ்சு கடைசியில், அதுவும் ஊசிமுனை அளவுக்கு.

இதற்கு வெளிநாட்டு எனாமல் பெயின்ட்களை வரவழைக்க வேண்டியதில்லை. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கேமல் எண்ணெய் வண்ணங்களில் பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், கறுப்பு, வெள்ளை, இந்த ஐந்தே போதும். அவற்றை அட்டைத் துண்டில் பிதுக்கி சில மணி நேரம் விட்டால் அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். வண்ணம் காய்ந்தபின் பளபளக்காது.

முதலில் சக்கரங்களைக் கழற்றி, உடலைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். பிறகு பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். சென்னை போன்ற ஊரில் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும்: மழைக்காலத்தில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால், காற்றின் ஈரம் அதில் சிக்கி வெள்ளைப் புகை படிந்தது போல ஆகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷைத் தட்டைத் தூரிகையால் பூசுவதே பாதுகாப்பு.

உட்பக்கம் மூன்று பழுப்புகளைக் காயும் முன்னரே ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்திக் குத்திப் பூசியது. எந்தக் கோடும் இல்லை, வெறும் திட்டுகள். மூலைகளிலும் தரையிலும் உரசித் தூளாக்கிய கறுப்புப் பாஸ்டல். பழுது பார்த்துத் திரும்பிய இரண்டு வேகன்களுக்கு மட்டும் வேறு முறை: பழுப்பின் மேல் ஹேர்ஸ்ப்ரே, அதன் மேல் சாம்பல் அக்ரிலிக், காய்ந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் தொட்ட குட்டைத் தூரிகையால் தேய்ப்பது. ஹேர்ஸ்ப்ரே கரைந்து, மேலே உள்ள சாம்பல் செதில் செதிலாக உரியும். கரி உரசிய கீழ்ப்பாதி நிறைய உரிய வேண்டும், மேல்விளிம்பு குறைவாக.

வெளிப்பக்கம் முதலில் வெயிலும் மழையும். வெள்ளையில் துளி ரா அம்பர் கலந்து, டர்பன்டைனில் பால் போலக் கரைத்து ஒரு பூச்சு. சாம்பல் நிறம் வெளிறியதும் அந்த பிளாஸ்டிக் தோற்றம் போய்விடுகிறது. பிறகு பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு கிள்ளு பிய்த்து, பர்ன்ட் அம்பரும் கறுப்பும் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசி ஒற்றி எடுத்துவிட்டு, மேலே சொன்ன இடங்களில் மட்டும் லேசாகத் தட்டல். தூரிகையால் இட்ட புள்ளி ஒரே வட்டமாக இருக்கும். ஸ்பாஞ்ச் தட்டும் விளிம்பு கோணல்மாணலாக, உதிர்ந்த பெயின்ட் மாதிரியே வரும். காய்ந்ததும் ஓரங்களில் சியன்னா. கடைசியாக வழிசல்: துருப்புள்ளியின் கீழே ஒரு சிறு பொட்டு வண்ணம், டர்பன்டைன் தொட்டுப் பிழிந்த தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பாகக் கீழ்நோக்கி. அரை மி.மீ. அகலத்துக்கு மேல் போனால் அது அசலில் ஒன்றரை அங்குல வழிசல் என்று நினைவில் வைத்தால் கை தானாக அடங்கும்.

எண் எழுதிய கறுப்புப் பட்டையை மட்டும் ஓரளவு சுத்தமாக விட்டேன். வேகனின் எண்ணைக் குறிக்க வந்தவர் அதைத் துடைத்திருப்பார், அந்தத் துடைப்பு தெரியட்டும். பக்கத்தில், வேகன்களைக் கோத்துப் பிரிக்கும் தொழிலாளியான ஷன்டர் சாக்குக்கட்டியால் கிறுக்கிய குறி, கூர்சீவிய வெள்ளை பென்சிலால்.

அடிச்சட்டத்தின் அழுக்கு வேறு வகை. வார்ப்பிரும்பு பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் தூள் செம்பழுப்பாக எல்லா இடத்திலும் படியும். ஆக்சில் பாக்ஸைச் சுற்றியும் சக்கர முகத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு. இங்கே மட்டும் லேசான பளபளப்பு வேண்டும், மேட் வார்னிஷ் கூடாது. பஃபர் முகம் கறுத்த கிரீஸ். சக்கரத்தின் ஓடுதளம் பளிச்சென்று உலோகமாகவே இருக்க வேண்டும், அது ஓட்டத்துக்கும் நல்லது, உண்மையும் அதுதான்.

எட்டும் ஒரே அளவு அழுக்காக இருந்தால் வேலை முழுக்க வீண். இரண்டு கிட்டத்தட்டப் புதுசு. நாலு நடுத்தரம். ஒன்றில் பக்கத் தகட்டின் கீழ்ப்பகுதியில் ஒட்டுத் தகடு வைத்து, அந்தச் சதுரத்துக்கு மட்டும் வெளிறாத சாம்பல். கடைசி ஒன்று ஏறக்குறைய முழுத் துரு. சாம்பல் நிறம் தீவு தீவாகத்தான் மிச்சம். அந்த ஒன்றுதான் எல்லாரையும் கவரும், அதனாலேயே அப்படி ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

பாரத்துக்கு இஸ்திரிக் கடைக் கரி. மரக்கரிக்கு நிலக்கரியின் மினுக்கு கிடையாது, ஆகவே நொறுக்கிச் சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டி, மேலே துளி கிளாஸ் வார்னிஷைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். அடியில் ஒரு ஃபோம் துண்டு, அதற்குள் ஒரு இரும்பு வாஷர். மேலிருந்து காந்தத்தைக் காட்டினால் பாரம் அப்படியே எழுந்து வரும், வேகன் காலி. வேகன் மிக லேசாக இருந்தால் தள்ளும்போது தடம் புரளும். அச்சுக்கு 25 கிராம், வேகனுக்கு 50 என்பது ஓஓ அளவில் நடைமுறைக் கணக்கு. உள்ளே எடை வைத்தால் காலி வேகனில் தெரிந்துவிடும் என்பதால் ஈயத் துண்டுகள் தரைக்கு அடியில், சட்டத்துக்குள் போயின.

தரையும் தண்டவாளமும்

யார்டில் சுத்தமான ஜல்லி போட்டால் கதை கெட்டுவிடும். அங்கே ஸ்லீப்பர் கட்டையின் மேல்மட்டம் வரை எஞ்சின் சாம்பலும் கசடும்தான் நிரம்பிக் கிடக்கும். டைல்ஸ் இடுக்கில் போடும் சாம்பல் நிற கிரவுட்டில் கறுப்புத் தூள் கலந்து, சலித்துத் தூவி, ஒரு துளி சோப்புக் கலந்த தண்ணீரைத் தெளித்தால் கெட்டியாகிவிடுகிறது. பாயின்டின் அசையும் நாக்குகளுக்குப் பக்கத்தில் மட்டும் இதைத் தூவக் கூடாது.

மூன்று சைடிங்குக்கும் மூன்று வயது. நீளமானது தினமும் ஓடுவது: மேல்முகம் மின்னும், தரை புதுக் கரித்தூளால் கறுத்திருக்கும். நடுவில் உள்ளதில் கோக் வியாபாரி; கொஞ்சம் வெளிறிய தரை. பின்சுவரை ஒட்டியதில் வியாபாரம் படுத்துவிட்டது. தண்டவாளத்தின் பக்கங்கள் ஆரஞ்சு கலந்த துரு, கட்டைகளுக்கு நடுவே புல். ஆனால் ஆட்டத்துக்கு அந்தத் தடமும் தேவை, மின்சாரம் பாய வேண்டும். ஆகவே மேல்முகத்தின் ஓரங்களில் மட்டும் பழுப்பைத் தொட்டு, நடுவில் ஒரு கோடு உலோகத்தை விட்டேன். பீச்சிங் அறிக்கைக்குப் பிந்தைய யார்டு என்று சொல்ல அந்த ஒரு தடம் போதும்.

வேகனின் அடிச்சட்டத்தில் பூசிய அதே ரா அம்பர், கறுப்புக் கலவையை மிக நீர்க்கச் செய்து ஸ்லீப்பர் கட்டைகளிலும் பூசினேன். ஒரே புழுதிதான் இரண்டிலும் படிகிறது. வேகனும் தரையும் ஒன்றுக்கொன்று சொந்தமாகத் தெரிவதற்கு மற்ற எதையும்விட இந்த ஒரு பூச்சே அதிகம் உதவியது.

எஞ்சின் ஒன்றே ஒன்று, ஆகவே சாதாரண டிசி கட்டுப்பாடு போதும், ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியே இயக்கும் டிஜிட்டல் முறையான டிசிசி வேண்டாம். பாயின்ட்களில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் நடுமுனைக்கு மின்சாரம் போவதுதான் முக்கியம்; ஆறே சக்கரம் உள்ள எஞ்சின் ஊர்ந்து போகும்போது அங்கே செத்துப்போனால் ஷன்டிங் என்ற பேச்சே இல்லை. வேகன்களைக் கோக்கும் கப்ளிங்குக்குக் கடையில் வந்த பெரிய பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு மூன்று வளையச் சங்கிலி போட்டேன். அசல் ஷன்டர் நீளக் கழியால் செய்த வேலையை, நுனி வளைத்த கம்பியால் நாம் செய்ய வேண்டும். 30 செ.மீ. அகலம் என்பதால் கை எட்டுகிறது. நேரம் பிடிக்கும்தான், அந்த வேகம்தான் யார்டின் வேகம்.

பலகை 9 மி.மீ. பிளைவுட். நம் ஊர் ஈரத்துக்கு அதன் இரண்டு பக்கமும், விளிம்பும் வார்னிஷ் குடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும். மேலே எல்இடி விளக்கு, முன்னால் ஒரு பட்டை மறைத்தபடி. வேகன்களுக்கு வண்ணம் பூசியதும் இதே விளக்கின் கீழேதான். டியூப்லைட்டில் சரியாகத் தெரிந்த துரு வேறு விளக்கில் செங்கல் நிறமாக மாறிவிடுவது உண்டு.

எஞ்சின் அழுக்கை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், வேகன்களும் தரையும் எந்த அளவில் நிற்கின்றன என்று பார்த்த பிறகு. 08-க்குத் துரு குறைவு, எண்ணெய் அதிகம். டீசல் ஊற்றும் வாயின் கீழே கறுத்த வழிசல், இணைப்புத் தண்டுகளில் பிசுக்கு, புகைபோக்கியைச் சுற்றிக் கரி, ஷன்டர் ஏறி நிற்கும் படிகளில் பெயின்ட் தேய்ந்து வெளுத்த எஃகு. முனைகளில் உள்ள கறுப்பு மஞ்சள் பட்டைகளை மங்கச் செய்தேன், மறைக்கவில்லை. ஆட்கள் நடமாடும் யார்டில் அவை தெரிய வேண்டும் என்றுதான் அடித்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது தடுப்புச் சுவர். அதோடு, பாலத்துக்கு அப்பால் இன்னொரு பலகையை இணைக்க வசதியாக, ஹெட்ஷன்ட் தண்டவாளத்தைப் பலகையின் விளிம்பு வரை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். ஹெட்ஷன்டின் 370 மி.மீ. முடியும் இடத்தில் ஒரு கழற்றக்கூடிய முட்டுக்கட்டை. ஆட்டத்துக்கு அது இருக்கும். சுரங்கத்திலிருந்து புது வேகன்கள் வரவேண்டுமென்றால் அதை எடுத்துவிடலாம்.